பெட்டியை மாற்றுவதற்கு முன்



பிழைப்பை நாடி வேற்றூரில் குடியேறிய தமிழர் முதலில் கற்றுக்கொள்வது, அவ்வூர் மொழியில் விலை கேட்பதை. இரண்டாவதாகக் கற்றுக்கொள்வது, சொன்ன விலையைக் குறைத்துக் கேட்பதை. மூன்றாவதாக ஒன்று உண்டு. அதைக் கற்பதற்குள் பலருக்குத் தலை நரைத்துவிடுகிறது. "இது கெட்டுவிட்டது என்று எதைக் கொண்டு சொல்கிறீர்கள்?" என்று பணிவோடு கேட்பதே அது.

அக்கேள்வியைக் கேளாமல் விட்டதால் நேர்ந்த நட்டத்தையும், பின்னர்க் கேட்டதால் விளைந்த நன்மையையும், ஒரு மோட்டார் வேனின் கதையைக் கொண்டு இன்று சொல்ல விரும்புகிறோம். நாம் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்புப் பணி செய்பவர்கள் வரிசையைச் சேர்ந்தோம். படித்தது கலைப் பாடம். ஆகையால் இப்பேச்சில் வரும் இயந்திர விவரமெல்லாம், பட்டறையில் நின்று கேட்டும், பின்னர்ப் படித்துச் சரிபார்த்தும் அறிந்தவையே என்பதை முன்னரே சொல்லிவிடுகிறோம்.

நாம் வசிப்பது டில்லி ராமகிருஷ்ணபுரத்து அரசுக் குடியிருப்பில். அங்குள்ள எட்டுக் குழந்தைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்வது ஒரு வேன். அதன் உரிமையாளரும் ஓட்டுநரும் ஒருவரே. விருதுநகர் மாவட்டத்திலிருந்து வந்த முப்பது வயது இளைஞர். வண்டி கடனில் வாங்கியது. அதன் வருவாயைக் கொண்டே மாதத் தவணையையும் கட்டி, ஊரிலிருக்கும் தாயாருக்கும் பணம் அனுப்பி வந்தார். நாம் அவரைத் 'தம்பி' என்போம். அவர் நம்மைச் 'சார்' என்பார்.

2023ஆம் ஆண்டு ஜூலை மாதத்து மழையை டில்லி நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஜூலை 9ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் 153 மில்லிமீட்டர் மழை கொட்டிற்று. 13ஆம் நாள் யமுனையின் நீர்மட்டம் 208.66 மீட்டரைத் தொட்டது. பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். அந்நாட்களில் நம் வேனும் வெட்டவெளியில் நனைந்துகொண்டு நின்றது. அதனால் ஏதும் வரும் என்று அப்போது யார் நினைத்தார்கள்?

ஆகஸ்டு பிறந்தது. வண்டி வழியில் நிற்கத் தொடங்கிற்று. முதல் வாரம் ஒரு முறை. அடுத்த வாரம் மூன்று முறை. ஒரு நாள் பிற்பகல் மோத்தி பாக் மேம்பாலத்தின் மேல், பின்னால் பேருந்துகள் ஒலியெழுப்பி நிற்க, உள்ளே எட்டுக் குழந்தைகளோடு எஞ்சின் அணைந்துவிட்டது. அன்று மாலை பெற்றோர் எல்லோரும் நம் வீட்டுக் கூடத்தில் கூடினர். இரு குடும்பத்தினர் வேறு வேன் பேசிவிட்டதாகவே சொன்னார்கள். தம்பி வாசற்படியில் நின்றார், உள்ளே வரவில்லை. "பத்து நாள் தருகிறோம். நல்ல இடத்தில் காட்டிச் சரிசெய்துகொள்" என்று சொன்னோம். கண்ணாடிக் கதவும் குளிர்சாதன வசதியும் கொண்ட ஒரு பட்டறையின் முகவரியையும் நாமே கொடுத்தோம். அந்த முகவரியைக் கொடுத்த பொறுப்பு நம்முடையது என்பதைப் பிற்பாடுதான் உணர்ந்தோம்.

அப்பட்டறையில் நடந்ததைச் சொல்லுமுன், நாம் பேசப்போகும் பெட்டி எது என்று விளக்கவேண்டும்.

முன்னாளில் வண்டிகளில் கார்புரேட்டர் என்ற கருவி இருந்தது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுப்பது அதன் வேலை. 1980களில் நம் சாலைகளுக்கு வந்த சிறு வேன்களிலும் அதுவே இருந்தது. 2000ஆம் ஆண்டையொட்டிப் புகை விதிகள் கடுமையாயின. 2017 ஏப்ரலில் நாடு முழுவதற்கும் பாரத் நான்காம் நிலையும், 2020 ஏப்ரலில் ஆறாம் நிலையும் வந்தன. இவ்விதிகளுக்குக் கட்டுப்பட்டு எரிபொருளைத் துளித்துளியாக அளந்து கொடுக்கக் கார்புரேட்டரால் இயலாது. ஆகவே அவ்வேலை ஒரு சிறு கணிப்பொறியிடம் வந்து சேர்ந்தது. அதனையே பட்டறைக்காரர்கள் ஈ.சி.எம். என்கிறார்கள். பார்வைக்கு ஒரு வெற்றிலைப் பெட்டி அளவுதான். தட்டையான அலுமினிய உறை. அதிலிருந்து கற்றை கற்றையாகப் புறப்படும் ஒயர்கள்.

அப்பெட்டி செய்யும் வேலையோ பெரிது. எஞ்சின் நிமிடத்திற்கு 3,000 சுற்றுச் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அஃதாவது நொடிக்கு 50 சுற்று. நான்கு சிலிண்டர் கொண்ட எஞ்சினில் ஒவ்வொரு நொடியும் 100 முறை எரிபொருள் தீப்பற்றவேண்டும். ஒவ்வொரு முறையும் எவ்வளவு எரிபொருள், எந்தக் கணத்தில் பொறி என்பதைப் பெட்டி தீர்மானிக்கிறது. அதற்கு வேண்டிய செய்தியைத் தருபவை சென்சார்கள். தண்டு எந்த நிலையில் சுற்றுகிறது, எவ்வளவு காற்று வருகிறது, ஓட்டுநர் எவ்வளவு அழுத்தி மிதிக்கிறார், எஞ்சின் எவ்வளவு சூடாயிருக்கிறது என்று அவை இடைவிடாது தெரிவிக்கின்றன. இவற்றுள் பல சென்சார்களுக்குப் பெட்டியே 5 வோல்ட் மின்சாரம் கொடுத்து வேலை வாங்குகிறது. இந்த 5 வோல்ட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; நம் கதையின் முடிச்சு அதிலேதான் இருக்கிறது.

தன்னிடம் வரும் செய்தியில் குறை கண்டால், பெட்டி அதை ஓர் எண்ணாகக் குறித்துவைத்து, ஓட்டுநர் முன்னே எச்சரிக்கை விளக்கை எரியவிடுகிறது. ஸ்டியரிங்கின் அடியில் பதினாறு முனை கொண்ட ஒரு துளைப்பலகை உண்டு. அதில் ஸ்கேனரைச் செருகினால் அந்த எண்ணைப் படிக்கலாம்.

கண்ணாடிக் கதவுப் பட்டறையில் ஸ்கேனரைச் செருகினார்கள். இரண்டு எண்கள் வந்தன. ஒன்று பி 0122. மற்றொன்று பி 0107. முதலாவது, மிதிக்கேற்பத் திறக்கும் காற்றுக் கதவின் சென்சாரைப் பற்றியது. இரண்டாவது, உள்ளே செல்லும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் சென்சாரைப் பற்றியது. உடனே காற்றுக் கதவின் சென்சாரை மாற்றினார்கள். வண்டி மறுநாளே நின்றது. "அப்படியானால் ஈ.சி.எம். போய்விட்டது" என்றார்கள். புதிது விலை அதிகம் என்று, எங்கோ கழற்றிய பழைய பெட்டி ஒன்றை 9,000 ரூபாய்க்கு வாங்கிப் பூட்டினார்கள். அதுவரை நின்று நின்று ஓடிய வண்டி, அதன்பின் ஓடவே மறுத்தது! ஸ்டார்ட்டர் சுழன்றது, எஞ்சின் பற்றவில்லை, மீட்டர் பலகையில் சாவிச் சின்னம் ஒன்று மின்னிக்கொண்டேயிருந்தது. பழைய பெட்டியையே திரும்பப் பூட்டி, மூன்று நாள் கழித்து வண்டியை ஒப்படைத்தார்கள். தம்பியின் கையிலிருந்து கூலியோடு பதினான்காயிரத்துக்கு மேல் போயிற்று. நாம் கொடுத்த பத்து நாளில் ஆறு நாளும் போயிற்று.

அன்றிரவு தம்பி நம் வீட்டிற்கு வந்தார். "சார், வண்டியை விற்றுவிட்டு ஊருக்கே போய்விடலாம் என்று பார்க்கிறேன். விற்றாலும் கடன் தீராது" என்றார். அவர் நம்மைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மனம் சற்று இலேசாயிருக்கும்.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அவரோடு நாமும் புறப்பட்டோம். உதிரிப் பாகங்களுக்குப் பேர்போன காஷ்மீரி கேட் பக்கத்தில், சந்து ஒன்றினுள், வயது முதிர்ந்த சர்தார்ஜி ஒருவரின் பட்டறை இருப்பதாக நம் அலுவலக நண்பர் சொல்லியிருந்தார். கண்ணாடிக் கதவு கிடையாது. கயிற்றுக் கட்டில் ஒன்றும், மேசையின்மேல் ஒரு மல்டிமீட்டரும், எண்ணெய் படிந்த ஒரு குறிப்பேடும் கண்ணில் பட்டன.

அவர் ஸ்கேனரைத் தொடவில்லை. தம்பியைத் தம் அருகே உட்கார வைத்து வினவலானார். வண்டி குளிர்ந்திருக்கையில் நிற்கிறதா, சூடானபின் நிற்கிறதா? பெட்ரோலில் ஓடும்போதா, சி.என்.ஜி. வாயுவில் ஓடும்போதா? நின்றபின் எவ்வளவு நேரத்தில் மீண்டும் கிளம்புகிறது? தம்பி தமக்குத் தெரிந்த இந்தியில் விடை சொன்னார். வெயிலில் நின்ற வண்டியை இருபது நிமிடம் ஓட்டியபின் நிற்கிறது. இரண்டு எரிபொருளிலும் நிற்கிறது. கால் மணி நேரம் ஆறவிட்டால் கிளம்புகிறது. இத்தனை நாளும் வண்டியை ஓட்டியவரை இக்கேள்விகளை யாருமே கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை.

சர்தார்ஜி தலையசைத்தார். இரண்டு எரிபொருளிலும் நிற்பதால், குறை பெட்ரோல் பம்பிலோ வாயுக் குழாயிலோ இருப்பதற்கில்லை. இரண்டிற்கும் பொதுவான ஓர் இடத்தில்தான் இருக்கவேண்டும். ஒரே கேள்வியில் பாதி வண்டி சந்தேகத்திலிருந்து விடுபட்டுவிட்டது.

பின்னர்க் குறிப்பேட்டைப் பார்த்தவாறே அவர் சொன்னார்: "பாபுஜி, பெட்டி வாய் பேசாது. அதனால் காரணம் தெரியாத பழியையெல்லாம் அதன் தலையில் போடுகிறார்கள். நான் முதலில் அதற்குச் சோறு கிடைக்கிறதா என்று பார்ப்பேன்."

சோறு என்று அவர் சொன்னது மின்சாரத்தை. பாட்டரியை அளந்தார்; ஓய்வில் 12.6 வோல்ட். ஸ்டார்ட்டர் சுழலும்போது 10.4. எஞ்சின் ஓடும்போது 14.1. மூன்றும் சரி. ஃபியூஸ்களையும் ரிலேயையும் பார்த்தார், அவையும் சரி. அடுத்துப் பெட்டியின் எர்த் ஒயருக்கும் பாட்டரியின் எதிர்முனைக்கும் நடுவே, எஞ்சின் ஓடும்போதே மல்டிமீட்டரை வைத்தார். அங்கே 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டலாகாது. 0.8 காட்டிற்று. எர்த் ஒயர் உடம்புத் தகட்டைத் தொடும் இடத்தில் துரு ஏறியிருந்தது. திருகைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, மீண்டும் முடுக்கியபின் அளவு 0.05 ஆகக் குறைந்தது.

குறை தீர்ந்தது என்று மகிழ்ந்தோம். சர்தார்ஜி மகிழவில்லை. "நான்கு நாள் ஓட்டுங்கள். குழந்தைகளை ஏற்றாதீர்கள்" என்று மட்டும் சொல்லி, இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு அனுப்பினார். ஐந்தாம் நாள் வண்டி மீண்டும் நின்றது. ஒரு குறை மற்றொரு குறைக்குத் திரையாக நிற்பதுண்டு என்பதை அனுபவசாலி அறிந்திருந்தார்.

இரண்டாம் முறை சென்றபோதுதான் அந்த இரண்டு எண்களை அவர் எடுத்துக்கொண்டார். இங்கே நம் தொழிலைச் சிறிது நினைத்துக்கொண்டோம். அகராதியைப் பார்த்துச் சொல்லுக்குச் சொல் வைத்தால் மொழிபெயர்ப்பு ஆகாது. எந்த இடத்தில், யார், எதைக் குறித்துச் சொன்னார் என்று பார்க்கவேண்டும். பி 0122 என்ற எண், 'சென்சார் கெட்டது' என்று சொல்லவில்லை. 'அச்சென்சாரிடமிருந்து வரும் மின்னளவு மிகக் குறைந்திருக்கிறது' என்றுதான் சொல்கிறது. பி 0107 என்பதும் மற்றொரு சென்சாரைப் பற்றி அதையே சொல்கிறது. இரண்டு சாட்சிகள் ஒரே கணத்தில் ஒரே முறையீட்டைச் செய்தால், இருவருக்கும் பொதுவானது எது என்று அல்லவோ தேடவேண்டும்? இரண்டிற்கும் பொதுவானது, பெட்டி கொடுக்கும் அந்த 5 வோல்ட்.

சர்தார்ஜி 5 வோல்ட் ஒயரில் மீட்டரை வைத்தார். வண்டி ஆறியிருந்ததால் அளவு சரியாகவே இருந்தது. தலைமயிர் உலர்த்தும் கருவி ஒன்றைக் கொணரச் செய்து, பெட்டியின்மேல் வெப்பக் காற்றை வீசச் சொன்னார். ஐந்து நிமிடம் கழிந்தது. மீட்டரின் எண் 5லிருந்து 4 ஆயிற்று, 3 ஆயிற்று, திடீரென்று 1க்கு விழுந்தது. எஞ்சின் அணைந்தது. மேம்பாலத்தின் மேல் நடந்தது, நம் கண்ணெதிரே பட்டறையில் நடந்தது.

அப்போதும் அவர் தீர்ப்புச் சொல்லவில்லை. ஏதேனும் ஒரு சென்சார் உள்ளே பழுதாகி, 5 வோல்ட் முழுவதையும் இழுத்துவிடுவதும் உண்டாம். ஆகவே அவ்வொயரைப் பகிரும் சென்சார்களின் கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். எண் ஏறவில்லை. அடுத்து, பாட்டரியின் இணைப்பை நீக்கிவிட்டு, பெட்டியின் கப்ளரையும் கழற்றி, அந்த ஒயர் வழியில் எங்கேனும் தோலுரிந்து தகட்டைத் தொடுகிறதா, எலி கடித்திருக்கிறதா என்று அளந்தார். இல்லை. உண்ணக் கொடுத்தது சரி, சாட்சிகள் சரி, வழியும் சரி. எஞ்சியது பெட்டி ஒன்றே. அதன்பிறகே அவர், "இப்போது சொல்கிறேன். பெட்டி கெட்டிருக்கிறது" என்றார்.

முதற் பட்டறையினரும் இதைத்தானே சொன்னார்கள் என்று நேயர்கள் கேட்கக்கூடும். சொன்னார்கள், ஆனால் அறிந்து சொல்லவில்லை. இதன் வேறுபாடு அடுத்த நிமிடமே விளங்கிற்று. சர்தார்ஜி பெட்டியைத் திறந்தார். மின்பலகையின் ஒரு மூலையில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. நீர் பட்டு ஊறிய அடையாளம். நீர் எங்கிருந்து வந்தது? பெட்டி இருந்த இடத்திற்கு நேர் மேலே, முன்கண்ணாடியைச் சுற்றிய ரப்பர் பட்டை ஒரு விரற்கடை அளவு விலகியிருந்தது. ஜூலை மழை அவ்வழியே ஒயர் கற்றையைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் பெட்டிக்குள் புகுந்திருக்கிறது. காரணம் காணாமல் புதுப் பெட்டி வைத்திருந்தால், அதுவும் அதே ஒழுக்கின் கீழேதான் இருந்திருக்கும். அடுத்த மழையில் அதன் கதியும் இதுவாகியிருக்கும்.

அந்தப் பழைய பெட்டி ஏன் வேலை செய்யவில்லை என்பதையும் கேட்டோம். இந்நாளில் பல வண்டிகளின் சாவிக்குள் ஒரு சிறு மின்சில்லு இருக்கிறது. அதன் அடையாளம் ஒத்தால்தான் எஞ்சினை ஓடவிடவேண்டும் என்பது கள்வரைத் தடுக்கச் செய்த ஏற்பாடு. வேறொரு வண்டியின் பெட்டிக்கு நம் சாவி அந்நியம். மின்னிய சாவிச் சின்னம் அதையே தெரிவித்தது. மேலும் பெட்ரோலில் மட்டும் ஓடும் வண்டியின் பெட்டி வேறு. வாயுவிலும் ஓடும் வண்டியின் பெட்டி வேறு. உருவம் ஒன்றாயிருக்கும், உறையின்மேல் அச்சிட்ட எண் மாறும். அந்த எண்ணை யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

புதிய பெட்டியை எண் பார்த்து, தயாரிப்பாளரின் அங்கீகாரம் பெற்ற பணிமனையில் பூட்டுவதே முறை என்று சர்தார்ஜியே சொல்லி அனுப்பினார். அதற்கு ஏற்ற கருவி தம்மிடம் இல்லை என்பதை அவர் ஒளிக்கவில்லை. வண்டியின் பதிவுச் சான்றும் இரண்டு சாவிகளும் கொண்டுபோகச் சொன்னார். பணிமனையில் முதலில் பாட்டரியை நீக்கினார்கள்; பிறகு பெட்டியைப் பூட்டினார்கள்; பிறகு பாட்டரியோடு சார்ஜர் ஒன்றை இணைத்து, மின்னளவு தாழாதபடி பார்த்துக்கொண்டே, வண்டியின் சேஸிஸ் எண்ணையும் சாவிகளின் அடையாளத்தையும் பெட்டிக்குப் பதித்தார்கள். பதிக்கும் நடுவே மின்சாரம் தாழ்ந்தால் புதுப் பெட்டியும் பயனற்றுப்போகலாமாம். பின்னர் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு, அதன் இயல்பைப் பெட்டி கற்றுக்கொள்ளச் செய்தார்கள். ரப்பர் பட்டையை மாற்றினோம். ஒயர் கற்றையைப் பெட்டிக்குக் கீழே தாழ வளைத்துக் கட்டச் சொன்னோம். இனி நீர் இறங்கினாலும் வளைவின் அடியில் சொட்டிவிடும், பெட்டிக்குள் ஏறாது. செலவு 24,000 ரூபாய்.

அந்தத் தொகையில் பாதியை எட்டுக் குடும்பமும் பகிர்ந்துகொண்டோம். இதைத் தருமம் என்று எண்ணவேண்டா. முகவரி கொடுத்தவர்கள் நாம், அவசரப்படுத்தியவர்களும் நாம். வேறு வேன் பேசிய இரு குடும்பத்தினரும் தம் பங்கைக் கொடுத்ததோடு, குழந்தைகளையும் திரும்ப அனுப்பினார்கள்.

நேயர்களே, உங்களில் பலர் பம்பாயிலும் பெங்களூரிலும் சூரத்திலும் கல்கத்தாவிலும் வண்டி ஓட்டுகிறீர்கள்; அல்லது ஓட்டுபவரை நம்பி வாழ்கிறீர்கள். ஊர் மொழி முழுதும் வசப்படாத நிலையில், 'ஈ.சி.எம். போய்விட்டது' என்ற ஒரு வாக்கியம் நம்மை வாயடைக்கச் செய்துவிடும். அப்போது ஐந்து செய்திகளைக் கேளுங்கள். ஸ்கேனர் காட்டிய எண் என்ன என்று எழுதி வாங்குங்கள். பெட்டிக்கு வரும் மின்சாரத்தையும் எர்த்தையும் எஞ்சின் ஓடும்போது அளந்தார்களா என்று கேளுங்கள். சென்சார்களையும் ஒயர்களையும் தனித்தனியே விலக்கிப் பார்த்தார்களா என்று கேளுங்கள். பழைய பெட்டியின் எண்ணும் புதியதன் எண்ணும் ஒன்றா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். கடைசியாக, பழையது எதனால் கெட்டது என்று கேளுங்கள். அதற்கு விடை கிடைக்கும் வரை புதியதற்குப் பணம் கொடுக்காதீர்கள். நல்ல தொழிலாளி இக்கேள்விகளால் கோபம் கொள்ளமாட்டார். அவர் ஏற்கெனவே தம்மைத் தாமே கேட்டுக்கொண்ட கேள்விகள்தாம் அவை.

பெட்டிக்கு மட்டும் உரியதன்று இந்தப் பாடம். வாசற்படியில் நின்ற அந்த இளைஞரையும், காரணம் விசாரியாமலே மாற்றிவிட நினைத்தவர்கள் அல்லவோ நாம்! வண்டி இன்றும் காலை ஏழு மணிக்கு வாசலில் வந்து நிற்கிறது. மழைக்காலம் தொடங்குமுன் ஒரு குடம் நீரை முன்கண்ணாடியின்மேல் ஊற்றி, உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்ப்பதைத் தம்பி வழக்கமாக்கிக்கொண்டுவிட்டார். ஒயர் நனையவில்லை என்று கண்டபின்பே குழந்தைகளை ஏற்றுகிறார்.